சிறிய உழவு இயந்திரம்: கொம்பனியைப் பார்ப்பதா, முகவரைப் பார்ப்பதா?

கமக்காரர் கேள்வி – பதில்

இம்முறை எமக்குக் கிடைத்த கடிதங்களில் பெரும்பாலானவை, 20 முதல் 30 குதிரைவலு வரையான சிறிய நான்கு சக்கர உழவு இயந்திரங்களில் எதை வாங்குவது என்று கேட்பவை. ஆகவே இந்த இதழின் பகுதியை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியுள்ளோம்.

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, நானும் எனது தம்பியும் உரும்பிராயில் 24 பரப்புச் (ஒன்றரை ஏக்கர்) செம்மண் தோட்டமும், சாவகச்சேரிப் பக்கத்தில் 3 ஏக்கர் வயலும் செய்து வருகின்றோம். இதுவரை வாடகைக்கு மெசின் பிடித்தே உழுதோம். மழைக்கு முந்திய நாட்களில் மெசின் கிடைப்பது பெரும்பாடாக இருப்பதால் சொந்தமாக ஒன்று வாங்க எண்ணியுள்ளோம். மூன்று விலைக்கூற்றுகள் கையில் உள்ளன. முதலாவது, ஜப்பானியக் கொம்பனி ஒன்றின் புதிய 24 குதிரைவலு இயந்திரம். விலை அதிகம், முகவரின் சேவை நிலையம் கிளிநொச்சியில் இருக்கிறது. இரண்டாவது, அதே வலுவுள்ள புதிய இந்திய இயந்திரம். விலை கணிசமாகக் குறைவு, காட்சியறை யாழ்ப்பாண நகரிலேயே இருக்கிறது. மூன்றாவது, ஜப்பானில் பாவித்தபின் இங்கு இறக்குமதி செய்யப்பட்டது. மூன்றிலும் மலிவு, ரொட்டவேற்றரும் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) அதனுடனேயே வருகிறது. நண்பர்கள் ஆளுக்கொரு கொம்பனியைச் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?
– வாசகர், உரும்பிராய்

பதில்: கொம்பனியைத் தெரிவு செய்வதற்கு முன்னர், வாங்கப்போகும் இயந்திரம் உங்களிடம் ஆண்டுக்கு எத்தனை மணித்தியாலம் ஓடும் என்பதைக் கணக்கிட்டுக் கொள்ளுங்கள். 24 குதிரைவலு இயந்திரம் 4 அடி அகலமான ரொட்டவேற்றருடன் மணித்தியாலத்துக்கு இரண்டரைக் கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால், வரம்போரத்தில் திரும்புவதற்கும் மூலைகளுக்கும் போகும் நேரத்தைக் கழித்துவிட்டு, மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ அரை ஏக்கர், அதாவது 8 பரப்பு உழலாம். உங்கள் தோட்டம் முழுவதையும் ஒருமுறை ஓட்டுவதற்கு 3 மணித்தியாலமும், வயலை ஒருமுறை ஓட்டுவதற்கு 6 மணித்தியாலமும் போதும். தோட்டத்தில் ஆண்டுக்கு மூன்று பயிர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று ஓட்டு, வயலில் ஒரு காலபோகம் (மழைக்கால நெற்செய்கை) என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் உங்கள் சொந்த வேலை ஆண்டுக்கு 50 மணித்தியாலத்தைத் தாண்டுவது கடினம்.

இந்த எண்ணிக்கை உங்கள் நண்பர்களின் விவாதத்தில் பெரும்பகுதியைத் தேவையற்றதாக்கி விடுகிறது. ஒழுங்காக ஒயில் மாற்றிப் பராமரிக்கப்படும் ஒரு டீசல் எஞ்சின், எந்த நல்ல கொம்பனியுடையதாக இருந்தாலும், சில ஆயிரம் மணித்தியாலம் உழைக்கக்கூடியது. ஆண்டுக்கு 50 மணித்தியாலம் ஓட்டும் ஒருவரிடம் பத்து ஆண்டுகளில் அது 500 மணித்தியாலம்தான் ஓடியிருக்கும். அவரிடம் எஞ்சின் தேய்ந்து போகாது. பற்றரி இறக்கும், ஒயில் சீல்கள் காய்ந்து கசியும், ரயர் வெடிக்கும், எலி வயரைக் கடிக்கும். ஆகவே "எது அதிக காலம் உழைக்கும்" என்ற கேள்வியைவிட, "புரட்டாதியில் புழுதி விதைப்புக்கு உழும் நாளில் ஒரு சீல் போனால், அது எத்தனை நாளில் என் கைக்கு வரும்" என்ற கேள்வியே உங்களுக்கு முக்கியமானது. வாடகை மெசினை விட்டுச் சொந்த மெசின் வாங்க நீங்கள் எண்ணியதே உரிய நேரத்தில் உழுவதற்காகத்தான். முதல் மழைக்கு முன் நான்கைந்து நாட்கள் கொட்டிலில் படுத்துவிடும் இயந்திரம் எந்தக் கொம்பனியின் பெயரைத் தாங்கியிருந்தாலும் அந்த நோக்கத்துக்கு உதவாது.

அதனால்தான் முகவரை முதலில் பார்க்கச் சொல்கின்றேன். இங்கே உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். கிளிநொச்சியில் இருப்பது சேவை நிலையம் என்றும், யாழ்ப்பாணத்தில் இருப்பது காட்சியறை என்றும் எழுதியிருக்கிறீர்கள். காட்சியறையில் விற்பனையாளரும் புதிய இயந்திரங்களும் மட்டும் இருந்து, உதிரிப்பாகங்கள் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வர வேண்டுமாயின், 65 கிலோமீற்றர் தொலைவில் உள்ள கிளிநொச்சி உண்மையில் உங்களுக்குக் கிட்ட இருக்கிறது. நகரில் இருக்கும் இடத்திலேயே பாக அறையும், பயிற்சி பெற்ற மெக்கானிக்கும் இருந்தால் கணக்கு மறுபக்கம் திரும்பும். இதை விற்பனையாளரின் சொல்லை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு வேலைநாளில், வாங்க வந்தவர் என்று காட்டிக்கொள்ளாமல், உதிரிப்பாகம் விற்கும் இடத்துக்கு நேரே சென்று, அந்த மொடலின் எஞ்சின் ஒயில் பில்ற்றர், டீசல் பில்ற்றர், காற்று பில்ற்றர், விசிறி பெல்ட், கிளச் தட்டு, முன் அச்சின் ஒயில் சீல், ஹைட்ரோலிக் பம்பின் சீல் தொகுதி ஆகியவை இப்போது கையிருப்பில் உண்டா, ஒவ்வொன்றின் விலை என்ன என்று கேளுங்கள். பில்ற்றர்களும் பெல்ட்டும் எல்லோரிடமும் இருக்கும். முன் அச்சின் சீலும் ஹைட்ரோலிக் சீலும் தட்டில் இருந்தால் அந்த முகவர் தான் விற்றவற்றைத் திருத்தியும் கொடுப்பவர் என்று நம்பலாம். நான்கு சக்கரமும் இழுக்கும் இயந்திரத்தைச் சேற்றில் விடும் எங்கள் மக்களுக்கு முன் அச்சின் சீல்தான் முதலில் தேவைப்படுகிறது.

அடுத்ததாக, அதே மொடலை வாங்கி இரண்டு போகமாவது கடந்துவிட்ட இரண்டு மூன்று பேரை, முகவர் காட்டும் ஆட்களாக அல்லாமல், உங்கள் கமநல சேவை நிலையத்தின் ஊடாகவோ கமக்காரர் அமைப்பின் ஊடாகவோ தேடிப்பிடியுங்கள். "மெசின் நல்லதோ" என்று அவர்களிடம் கேட்பதில் பயனில்லை. காசு கொடுத்து வாங்கியவர் நல்லது என்றே சொல்வார். கடைசியாக எப்போது பழுதானது, முகவரை அழைத்து எத்தனை நாளில் மெக்கானிக் வந்தார், அவருடைய போக்குவரத்துச் செலவை யார் கொடுத்தது என்று கேளுங்கள்.

உதிரிப்பாகம் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அண்மைய அனுபவமும் காரணம். 2022 இல் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியபோது டீசலுக்கு மட்டுமல்ல, இறக்குமதியாகும் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு வந்தது. அப்படியான காலத்தில், ஊரில் ஒன்றிரண்டு மட்டும் இருக்கும் அரிய மொடலை வைத்திருப்பவர் கொழும்பைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும்; பலரிடம் இருக்கும் மொடலை வைத்திருப்பவருக்கோ பழைய இயந்திரத்தில் கழற்றிய பாகமும், அதைப் பொருத்தத் தெரிந்த மெக்கானிக்கும் பக்கத்து ஊரிலேயே கிடைப்பார்கள். மசிபேர்குசன் 135, 240 ஆகிய பெரிய இயந்திரங்கள் இந்நாட்டில் இத்தனை காலம் விலை குறையாமல் இருப்பதற்கு, எந்தக் கிராமத்து கராஜும் அவற்றைக் கழற்றிப் பூட்டும் என்பது ஒரு பெரிய காரணம். சிறிய இயந்திரங்களில் அவ்வளவு பரவலான மொடல் எதுவும் இங்கு இன்னும் வேரூன்றவில்லை என்பதே எனது கணிப்பு. ஆகவே உங்கள் பிரதேசத்தில் எது அதிகம் ஓடுகிறதோ அதற்கு ஒரு புள்ளி கூடுதலாகக் கொடுங்கள். நாளை விற்க வேண்டி வந்தாலும் அதுவே கைகொடுக்கும்.

இயந்திரத்தின் தன்மையையும் ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. இந்தியச் சந்தையில் 24 குதிரைவலுப் பிரிவில் விற்கப்படும் இரண்டை எடுத்துக்கொண்டால், குபோட்டா நியோஸ்டார் பி2441 மூன்று சிலிண்டர் கொண்டது. மஹிந்திரா ஜிவோ 245 இரண்டு சிலிண்டர் கொண்டது. மூன்று சிலிண்டர் எஞ்சினில் அதிர்வு குறைவு, நாள் முழுவதும் இருந்து ஓட்டுபவருக்கு அது பெரிய ஆறுதல். இரண்டு சிலிண்டர் எஞ்சினைத் திருத்தும் நாள் வரும்போது பிஸ்டனும் இன்ஜெக்டரும் ஒவ்வொன்று குறைவாகவே வாங்க வேண்டியிருக்கும். இரண்டும் நான்கு சக்கரமும் இழுப்பவை. டீசல் செலவைப் பற்றி விற்பனையாளர்கள் நிறையப் பேசுவார்கள். இந்த வலுவுள்ள இயந்திரம் ரொட்டவேற்றருடன் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 3 லீற்றர் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மற்றதைவிட அரை லீற்றர் குறைவாகக் குடித்தாலும், ஆண்டுக்கு 50 மணித்தியாலத்தில் மிச்சமாவது 25 லீற்றர்தான். அதற்காக ஒரு கொம்பனியைத் தெரிவு செய்ய வேண்டியதில்லை.

உரும்பிராய் அடங்கும் வலிகாமத்துச் செம்மண் ஆழம் குறைந்தது. கீழே சுண்ணக்கல் இருக்கிறது. கல் எட்டிப் பார்க்கும் காணிகளில் ரொட்டவேற்றரின் கத்தி அடிக்கடி முறியும், வளையும். ஆகவே ரொட்டவேற்றரின் கத்திகள் சந்தையில் பொதுவாகக் கிடைக்கும் அளவா, அல்லது அந்தக் கொம்பனியிடம் மட்டுமே வாங்கக்கூடியவையா என்று கேட்க மறக்காதீர்கள். செம்மண் புழுதி காற்று பில்ற்றருக்கும் பகை. புழுதி பறக்கும் நாட்களில் அதை நாளாந்தம் கழற்றித் துப்புரவாக்க வேண்டியிருக்கும் என்பதால், கருவி இல்லாமல் கையாலேயே கழற்றக்கூடிய அமைப்பு உள்ளதா என்று பாருங்கள். உங்கள் ஒழுங்கையையும் தோட்டத்துக் கடப்பையும் அளந்துகொண்டு செல்லுங்கள். சிறிய இயந்திரத்தின் அகலம் பெரும்பாலும் 4 அடிக்குள் இருந்தாலும், பின்னால் பூட்டும் ரொட்டவேற்றர் அதைவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம்.

உங்கள் வயலைப் பற்றி ஒரு மாற்று யோசனை சொல்ல விரும்புகின்றேன். உரும்பிராயிலிருந்து கைதடி வழியாகச் சாவகச்சேரிக்குச் சிறிய இயந்திரத்தை ஓட்டிச் செல்வதற்கு ஒரு மணித்தியாலம் வரை பிடிக்கும். வயலுக்குரிய கட்டை ரயர்கள் தார் வீதியில் விரைவாகத் தேயும். 3 ஏக்கருக்கு ஆண்டுக்கு ஓரிரு முறை அங்கேயே பெரிய மெசினை வாடகைக்குப் பிடிப்பதும், சிறிய இயந்திரத்தைத் தோட்டத்துக்கும் அயலவரின் தோட்டங்களுக்கும் வைத்துக்கொள்வதும் கணக்குக்குச் சரியாக வரக்கூடும். அயலவருக்கு உழுது ஆண்டுக்கு 300 மணித்தியாலம் ஓட்டும் எண்ணம் உண்டென்றால் நான் மேலே சொன்ன கணக்கே மாறிவிடும். பத்து ஆண்டுகளில் 3000 மணித்தியாலம் ஓடப்போகும் இயந்திரத்துக்கு எஞ்சினின் உழைப்பும், கிளச்சின் தரமும், கியர்ப் பெட்டியின் உறுதியும் பெறுமதியுள்ளவை. அப்போது முதலாவது விலைக்கூற்றின் கூடிய விலைக்கு நியாயம் இருக்கிறது.

லீசிங் மூலம் வாங்குவதாயின், தவணை மாதாமாதம் வரும், உழவு வருமானமோ ஆண்டில் சில மாதங்களில் மட்டும் வரும் என்பதை முன்கூட்டியே யோசியுங்கள். அறுவடையை ஒட்டித் தவணை கட்டும் ஒழுங்கு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். விலைக்கூற்றுகளை ஒப்பிடும்போது பெறுமதி சேர் வரி, பதிவுச் செலவு, ரொட்டவேற்றர், சேற்றில் ஓட்டுவதற்குப் பூட்டும் இரும்புச் சில்லு ஆகியவை எதில் உள்ளடங்குகின்றன, எதில் இல்லை என்பதையும் சமப்படுத்திக்கொள்ள வேண்டும். மலிவாகத் தெரியும் விலைக்கூற்று சிலவேளை வெறும் இயந்திரத்துக்கு மட்டும் உரியதாக இருக்கும்.

ஆக, உங்கள் மூன்றில் மூன்றாவதை உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணத்தைக் கீழே புலோலி வாசகருக்கு எழுதியுள்ளேன். சொந்த வேலைக்கு மட்டும் என்றால், நகரில் இருப்பது வெறும் காட்சியறை அல்ல என்று உறுதியானபின் இரண்டாவதை வாங்கி, மிஞ்சும் பணத்தில் நல்ல ரொட்டவேற்றரும் இரும்புச் சில்லும் எடுங்கள். பாக அறை அங்கு இல்லையென்றால், அல்லது வாடகைக்கு நிறைய ஓட்டும் திட்டம் இருந்தால், கடன் சுமை தாங்கக்கூடியதாக இருக்கும் பட்சத்தில் முதலாவது.

கேள்வி: ஜப்பான் மெசின் என்று சொல்லி விற்கப்படுவது உண்மையில் இந்தியாவில் செய்தது என்கிறார்கள். இது ஏமாற்றா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: ஏமாற்று என்று சொல்ல முடியாது, இந்தத் துறையில் நாடுகளின் எல்லைகள் கலந்து விட்டன. ஜப்பானின் குபோட்டா நிறுவனம் 2022 இல் இந்தியாவின் எஸ்கோர்ட்ஸ் நிறுவனத்தில் தன் பங்கைக் கூட்டி, அதைத் தன் துணை நிறுவனமாக்கிக்கொண்டது. அதன் பெயர் இப்போது எஸ்கோர்ட்ஸ் குபோட்டா. சொனாலிகாவைத் தயாரிக்கும் பஞ்சாப் நிறுவனத்தில் ஜப்பானின் யன்மார் பங்காளராக இருக்கிறது. மஹிந்திரா 2015 இல் மிற்சுபிசியின் விவசாய இயந்திர நிறுவனத்தில் பங்கு வாங்கியது. 2023 இல் அது அறிமுகப்படுத்திய ஓஜா என்ற சிறிய இயந்திர வரிசை அந்த ஜப்பானிய நிறுவனத்துடன் சேர்ந்து வடிவமைக்கப்பட்டது. சுவராஜும் மஹிந்திராவுக்கே உரியது. ஆகவே பெயரை வைத்துத் தரத்தை ஊகிப்பதை விட்டு, நீங்கள் வாங்கும் குறிப்பிட்ட மொடல் எந்த நாட்டுத் தொழிற்சாலையில் ஆனது, அதன் பாகங்கள் எந்த நாட்டிலிருந்து வரவழைக்கப்படுகின்றன என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சென்னையிலிருந்து வரும் பாகமும் ஒசாக்காவிலிருந்து வரும் பாகமும் ஒரே நாளில் யாழ்ப்பாணம் வந்து சேர்வதில்லை.

கேள்வி: வணக்கம் ஐயா. எனது கணவர் காலமான பின் 10 பரப்புத் தோட்டத்தையும் ஒரு ஏக்கர் வயலையும் நானே பார்க்கின்றேன். மருமகன் இயந்திரம் ஓட்டுவார். லாண்ட்மாஸ்ரரை (இரு சக்கர உழவு இயந்திரம்) விற்றுவிட்டுச் சிறிய நான்கு சக்கர இயந்திரம் ஒன்றை லீசிங்கில் எடுக்குமாறு ஒரு விற்பனை முகவர் வீட்டுக்கே வந்து சொல்கிறார். எடுக்கலாமா?
– வாசகி, கொடிகாமம்

பதில்: எடுக்க வேண்டாம். உங்கள் காணி முழுவதும் 26 பரப்பு. சிறிய நான்கு சக்கர இயந்திரம் அதை ஒருமுறை ஓட்டி முடிக்க நாலு மணித்தியாலம் செல்லாது. அந்த வேலைக்காக மாதாமாதம் தவணை கட்டுவது உங்கள் குடும்பத்துக்குத் தேவையற்ற பாரம். லாண்ட்மாஸ்ரர் ஓடும் நிலையில் இருக்கும் வரை அதை வைத்திருங்கள். அதன் பெல்ட், கத்தி, பிஸ்டன் ரிங் எல்லாம் கொடிகாமத்திலும் சாவகச்சேரியிலும் கிடைக்கும், மெக்கானிக்கைத் தேட வேண்டியதுமில்லை. கடினமான முதல் உழவுக்கு மட்டும் வாடகை மெசின் பிடியுங்கள். மருமகன் ஊரில் வாடகைக்கு ஓட்டி முழுநேரத் தொழிலாகச் செய்வதற்கு ஆயத்தமாக இருந்து, கடனும் அவருடைய பெயரிலேயே எடுக்கப்படுமானால் அது வேறு பேச்சு. அப்போதும் காணி உறுதியை ஈடாக வைக்காதீர்கள்.

கேள்வி: புதிய சிறிய இயந்திரம் வாங்கி எட்டு மாதமாகிறது. பின்புற ஹைட்ரோலிக் கைகள் ரொட்டவேற்றரைத் தூக்கி வைத்திருக்காமல் மெல்ல மெல்ல இறக்கி விடுகின்றன. ஒயிலை வெளியில் மாற்றியதால் உத்தரவாதம் செல்லாது என்று முகவர் கூறுகிறார். இது நியாயமா?
– வாசகர், அச்சுவேலி

பதில்: எந்த ஒயிலை மாற்றினீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். எஞ்சின் ஒயில் வேறு. பின்பெட்டி ஒயில் வேறு. இந்த வகை இயந்திரங்களில் பெரும்பாலானவற்றில் கியர்ப் பெட்டிக்கும், ஹைட்ரோலிக்குக்கும், ஒயிலில் மூழ்கியிருக்கும் பிரேக்குக்கும் ஒரே ஒயில்தான் சுற்றி வருகிறது. அதற்கென்று தயாரிக்கப்படும் உழவு இயந்திர ஒயிலுக்குப் பதிலாகச் சாதாரண கியர் ஒயிலை ஊற்றியிருந்தால் சீல்களும் பிரேக் தட்டுகளும் பாதிக்கப்படும். அந்நிலையில் முகவரின் வாதத்தில் நியாயம் உண்டு. நீங்கள் வெளியில் மாற்றியது எஞ்சின் ஒயில் மட்டும், அதுவும் கைநூலில் குறிப்பிட்ட தரத்திலேயே, பற்றுச்சீட்டும் கையில் இருக்கிறது என்றால், எஞ்சின் ஒயிலுக்கும் ஹைட்ரோலிக் இறங்குவதற்கும் தொடர்பில்லை என்பதை எடுத்துச் சொல்லுங்கள். பழுதை எழுத்தில் தெரிவித்து, மறுப்பையும் எழுத்தில் தருமாறு கேளுங்கள். வாய்ப்பேச்சில் மறுப்பவர்கள் எழுத்தில் தரச் சொன்னதும் மெக்கானிக்கை அனுப்புவது உண்டு. அதற்கும் இணங்காவிட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் விவகார அதிகார சபையில், கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்பப் பொருள் அமையவில்லை என்று முறையிடலாம். அதன் துரித இலக்கம் 1977. காலம் கடத்தாமல், விலைப் பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, சேவைப் புத்தகம் ஆகியவற்றின் பிரதிகளுடன் எழுத்தில் முறையிடுங்கள்.

இனி வாங்கவிருப்பவர்கள் இதிலிருந்து ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். உத்தரவாதம் இத்தனை ஆண்டு அல்லது இத்தனை மணித்தியாலம், இரண்டில் எது முந்துகிறதோ அது என்றே எழுதப்பட்டிருக்கும். கிளச் தட்டு, ரப்பர்ப் பாகங்கள், பற்றரி, ரயர் ஆகியவை பெரும்பாலும் அதற்குள் அடங்குவதில்லை. ரொட்டவேற்றர் வேறொரு நிறுவனத்தின் தயாரிப்பானால் அதற்குத் தனி உத்தரவாதம் இருக்க வேண்டும். முதற் சேவை பொதுவாக 50 மணித்தியாலத்தில் வரும். புதிய கியர்கள் ஒன்றோடொன்று உராய்ந்து உதிரும் நுண்ணிய இரும்புத் துகள் அந்த முதல் ஒயிலுடன்தான் வெளியேறுகிறது. "இன்னும் புதிதாகத்தானே இருக்கிறது" என்று அதைத் தள்ளிப்போடுவது இயந்திரத்துக்கும் கேடு, உத்தரவாதத்துக்கும் கேடு.

கேள்வி: 8 ஏக்கர் வயலுக்கு 24 குதிரைவலு இயந்திரம் போதுமா? எல்லாக் கொம்பனி விற்பனையாளர்களும் போதும் என்கிறார்கள்.
– வாசகர், பரந்தன்

பதில்: போதாது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களில் சேறடிப்பதற்கும், போகத்தின் நெருக்கடியான நாட்களுக்குள் 8 ஏக்கரை முடிப்பதற்கும் 35 முதல் 45 குதிரைவலு வரை வேண்டும். அந்த வலுவில் கிளிநொச்சியில் முகவர்களும் அதிகம், பாவித்த இயந்திரங்களும் அதிகம். போர் முடிந்தபின் 2010 இல் இந்திய அரசு வட மாகாணத்துக்கு வழங்கிய 500 நான்கு சக்கர உழவு இயந்திரங்களுக்குப் பின்னர் உங்கள் பக்கத்தில் இந்திய இயந்திரங்களில் கைபழகிய மெக்கானிக்குகளும் உருவாகியிருக்கிறார்கள். சிறிய இயந்திரத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

கேள்வி: ஜப்பானில் பாவித்த சிறிய இயந்திரங்கள் மலிவாக வருகின்றன. வாங்கினால் என்ன பிழை? வாங்குவதாயின் எதைச் சோதிக்க வேண்டும்?
– வாசகர், புலோலி

பதில்: இயந்திரத்தில் பிழையில்லை, ஜப்பானியக் கமக்காரர் தம் இயந்திரத்தைக் கவனமாகப் பராமரிப்பவர்கள். சிக்கல் மொடல் இலக்கத்தில் இருக்கிறது. குபோட்டா, யன்மார், இசேகி, மிற்சுபிசி ஆகிய நிறுவனங்கள் ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்று தயாரித்த மொடல்கள், அவை வெளிநாடுகளுக்கென்று தயாரிக்கும் மொடல்களிலிருந்து வேறுபட்டவை. பெயர் ஒன்றாக இருந்தாலும், இங்குள்ள அதிகாரபூர்வ முகவரின் பாகப் புத்தகத்தில் அந்த இலக்கம் இல்லாமலிருக்கலாம். இருந்தாலும், தாம் விற்காத இயந்திரத்துக்குப் பாகம் வரவழைத்துத் தரும் கடமை அவருக்கு இல்லை. எஞ்சின் மட்டும் சிலவேளை தப்பிவிடும். உதாரணமாகக் குபோட்டாவின் டி1105 போன்ற எஞ்சின்கள் மின்பிறப்பாக்கிகளிலும் சிறிய மண் அகழும் இயந்திரங்களிலும் உலகெங்கும் பாவிக்கப்படுவதால் அவற்றின் பாகங்களைத் தேடிப் பிடிக்கலாம். கியர்ப் பெட்டி, முன் அச்சு, ஹைட்ரோலிக் ஆகியவற்றுக்கு அந்த வசதி இல்லை. ஏறி இறங்கிக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒரு மெக்கானிக் உங்கள் வீட்டிலோ உறவிலோ இருந்தால், அல்லது ஒரு கிழமை அது படுத்துக் கிடந்தாலும் உங்கள் பயிர் தாங்கும் என்றால், இந்த இயந்திரம் கொடுத்த பணத்துக்குத் தாராளமாக உழைக்கும். உரும்பிராய் வாசகருக்கு வேண்டாம் என்றது, அவருக்கு நேரம் முக்கியம் என்பதால்.

வாங்குவதானால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சென்று, முதல் ஸ்ரார்ட்டை நீங்களே போட்டுப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் ஒயில் மூடியைத் திறந்தால் புகை விசையுடன் வெளியே வரக்கூடாது. வந்தால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துள்ளன. ரொட்டவேற்றரை முழு உயரத்துக்குத் தூக்கி எஞ்சினை நிறுத்திவிட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள்; அது கண்ணுக்குத் தெரிய இறங்கினால் ஹைட்ரோலிக்குக்குச் செலவு காத்திருக்கிறது. முன் சக்கர இழுவையைப் போட்டு, மண்ணில் மெல்ல ஓட்டி, முன் அச்சிலிருந்து தட்டும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். சில்லுகளின் உட்புறத்தில் ஒயில் கசிந்து புழுதி ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மணித்தியாலம் காட்டும் மீற்றரை நம்ப வேண்டாம். கிளச் மிதியின் ரப்பர், இருக்கையின் ஓரம், பி.ரி.ஓ. தண்டின் (ரொட்டவேற்றர் போன்ற கருவிகளைச் சுழற்றும் தண்டு) பற்கள் ஆகியவற்றின் தேய்மானம் அதைவிடச் சரியாகப் பேசும். பி.ரி.ஓ. தண்டின் ஒரு வேகம் நிமிடத்துக்கு 540 சுற்றாக இருக்கிறதா என்பதையும், பின்புறக் கொழுவிகளில் இங்கு கிடைக்கும் கலப்பையும் ரொட்டவேற்றரும் பொருந்துமா என்பதையும் அளந்து பார்க்க வேண்டும். கூடவே வரும் ஜப்பானிய ரொட்டவேற்றர் அந்த இயந்திரத்துக்கென்றே பொருத்தப்பட்டதாக இருந்தால், அது பழுதாகும் நாளில் வேறொன்றை மாட்ட முடியாமல் போகலாம். கைப்பிடிகளுக்கு அருகில் ஜப்பானிய எழுத்தில் ஒட்டியிருப்பவற்றைக் கைத்தொலைபேசியால் படமெடுத்து மொழிபெயர்த்து, தமிழில் எழுதி அவ்விடத்திலேயே ஒட்டிவிடுங்கள். கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் பழைய இயந்திரங்கள் பலவற்றில் இல்லை. குளக்கட்டுகளிலும் மேட்டு வரம்புகளிலும் ஏற்றி இறக்குபவராயின், சட்டம் உள்ளதையே தேடி வாங்குங்கள். இறுதியாக, சுங்க ஆவணமும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்வதற்குரிய பத்திரங்களும் விற்பவரின் கையில் இருக்கின்றனவா என்று பார்த்து, சேசிஸ் இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் அவற்றுடன் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட பின்னரே முற்பணம் கொடுங்கள்.